8 செல் லித்தியம் பேக்ல ஒரு செல் மட்டும் முந்திக்கிட்டு ஓடுது, கன்ட்ரோலர்ல என்ன செட்டிங் வைக்கிறது?

வயக்காட்டு வோல்ட்

வணக்கம் மக்களே. அறந்தாங்கி பக்கம் தோட்டத்து வீடு. 24 வோல்ட் சிஸ்டம், 280 ஏஹெச் (ஆம்பியர் ஹவர்) எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் எட்டு சீரிஸ்ல, ஒவ்வொரு செல்லயும் கவனிச்சு காப்பாத்துற 100 ஆம்ப்ஸ் பிஎம்எஸ், பேனல் கரண்ட அளவா பேட்டரிக்கு ஏத்துற 40 ஆம்ப்ஸ் எம்பிபிடி கன்ட்ரோலர், மேல 1 கிலோவாட் பேனல். முன்னாடி ரெண்டு டியூப்லர் (லெட் ஆசிட்) பேட்டரி இருந்துச்சு, அது உக்காந்ததும் ஒருத்தர்கிட்ட சொல்லி லித்தியம் பேக் கட்டி வாங்கினேன். மாட்ட வந்தவர் கன்ட்ரோலர லெட் ஆசிட் பேட்டரிக்கான சீல்டு மோடுலயே விட்டுட்டு "அதெல்லாம் ஓடும் சார்"னு சொல்லிட்டு கிளம்பிட்டார்.

இப்ப என்ன ஆகுதுன்னா, வெயில் நல்லா அடிக்கிற நாள்ல பதினோரு மணி வாக்குல பிஎம்எஸ் சார்ஜ கட் பண்ணிடுது. ஆப்ல பாத்தா 5ம் நம்பர் செல் 3.68, மத்த ஏழும் 3.42ல நிக்குது. கட் ஆகுற நிமிஷம் டிசி பல்பெல்லாம் பளிச்சுனு ஒரு அடி அடிக்குது, இன்வெர்டர் கீ கீனு கத்துது. கொஞ்ச நேரத்துல தானா சரியாகி மறுபடி சார்ஜ் ஏறி மறுபடி கட். ராத்திரி பாத்தா எட்டு செல்லும் 3.32, வித்தியாசம் 5 மில்லிவோல்ட் கூட இல்ல! அந்த 5ம் நம்பர் செல் போச்சா? கட்டிக் குடுத்தவர கேட்டா வோல்டேஜ 29.2 வைங்க தானா பேலன்ஸ் ஆயிடும், எல்லா செல்லும் ஒரே மட்டத்துக்கு வந்துடும்ங்கறார், எனக்கு பயமா இருக்கு.

கோயமுத்தூர் கனெக்சன்

செல்லு போகலைங்க, நிம்மதியா இருங்க. நீங்க குடுத்த நம்பரையே கூட்டிப் பாருங்க. ஏழு செல் 3.42னா 23.94, அதோட 3.68 சேத்தா 27.62. உங்க பேக்கோட மொத்த வோல்டேஜ் 27.6 வரும்போதே பிஎம்எஸ் கட் ஆகுது. கன்ட்ரோலர் சீல்டு மோடுல இருக்குன்னா அதுக்கு டார்கெட் 28.8, அப்பப்ப கூடுதலா ஏத்துற ஈக்வலைஸ் வந்தா 29.2. அது அந்த 28.8ஐ கண்ணால கூட பாத்ததில்லைங்க. அதனால எப்பவும் பல்க்லயே (முழு கரண்டும் தள்ளுற முதல் கட்டம்) நின்னுகிட்டு இருக்கிற 30 ஆம்ப்ஸயும் அப்படியே தள்ளிகிட்டே இருக்கு, 5ம் நம்பர் செல் மேல போய் முட்டுது, பிஎம்எஸ் கதவ சாத்துது. சாத்துன உடனே பேனல்ல இருந்து வர்ற கரண்டுக்கு போக இடமில்லாம லைன் வோல்டேஜ் எகிறுது, அதான் உங்க பல்பு பளிச்சுனு அடிக்கிறது. இத அப்படியே விட்டீங்கன்னா ஒரு நாள் டிசி ஃபேனோ கன்ட்ரோலரோ போயிரும்.

ராத்திரி எல்லாம் ஒரே மாதிரி தெரியறது ஒன்னும் அதிசயம் இல்லைங்க. எல்எஃப்பி செல் 20 சதவீதத்துல இருந்து 90 சதவீதம் வரைக்கும் 3.2க்கும் 3.35க்கும் நடுவுலதான் கிடக்கும். ஒரு செல் இன்னொன்ன விட 5 ஏஹெச் அதிகமா இருந்தாலும் அந்த இடத்துல மில்லிவோல்ட்ல கூட தெரியாது. 3.40 தாண்டுனாதான் யாரு முன்னாடி ஓடறாங்கன்னு தெரியும், பேலன்ஸும் அங்கதான் நடக்கும். உங்க சிஸ்டம் அந்த இடத்துல நிக்கறதே இல்ல, போய் முட்டிட்டு திரும்பி வந்துருது. 29.2 வெச்சா இன்னும் வேகமாத்தான் முட்டும்.

பிஎம்எஸ்ல பேலன்ஸ் கரண்ட் எவ்வளவு போட்டிருக்கு? ஆக்டிவா (கூடுன செல்லுல இருந்து எடுத்து கொறஞ்சதுக்கு குடுக்கறது) பாசிவா (கூடுனத சூடா கரைக்கறது)?

வயக்காட்டு வோல்ட்

பாசிவ்தான் போல சார், 60 மில்லி ஆம்ப்ஸ்னு சீட்டுல இருக்கு. பேலன்ஸ் ஸ்டார்ட் 3.40னு ஆப்ல காட்டுது.

ஸ்பெக் ராசா

கட்டிக் குடுத்தவர் சொன்னது தப்பில்லயே. செல்லு டேட்டாஷீட்டுல 3.65னுதான் போட்டிருக்கான், எட்டு தடவ 29.2. கம்பெனிக்காரன விட நாம பெரிய ஆளா? கம்மியா வெச்சா பேட்டரி ஃபுல்லே ஆகாது, காசு குடுத்து வாங்கின கெபாசிட்டி வீணா போகும்.

கோயமுத்தூர் கனெக்சன்

//செல்லு டேட்டாஷீட்டுல 3.65னுதான் போட்டிருக்கான்//

போட்டிருக்கான், இல்லைங்கல. அது ஒத்த செல்லுக்கு "இதுக்கு மேல போகாத"னு வெச்ச எல்லை, லேப்ல கெபாசிட்டி டெஸ்ட் பண்றப்ப அங்க வரைக்கும் ஏத்தி கரண்ட் சுருங்குற வரைக்கும் புடிச்சு வெப்பாங்க. வீட்டுல தெனமும் அங்க கொண்டு போய் நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லலைங்க. 3.45ல நிறுத்தி கரண்ட் நல்லா இறங்குற வரைக்கும் விட்டீங்கன்னா செல்லு ஏறக்குறைய நிறைஞ்சுதான் இருக்கும். 3.45ல இருந்து 3.65 வரைக்கும் ஏறுற எடத்துல சரக்கு ஒன்னுமே கிடையாது, வோல்டேஜ் மட்டும் சர்ருனு ஏறும். ஒரு உதாரணத்துக்கு, விக்ட்ரான் கம்பெனி கன்ட்ரோலர்ல லித்தியம் ப்ரீசெட் போட்டா 12 வோல்ட்டுக்கு 14.2, ஃப்ளோட் (நிறைஞ்சப்புறம் புடிச்சு வெக்கற வோல்டேஜ்) 13.5தான் வரும். 24க்கு ரெட்டிச்சா 28.4, 27.0. அவங்களே 29.2 வெக்கலைங்களே.

எட்டு செல்லும் ஒத்துமையா ஏறுச்சுன்னா 28.4 தாராளமா வைங்க. இவரோடதுல ஒன்னு மட்டும் முந்திக்கிட்டு போகுது, அதுக்கு முதல்ல வழி பாக்கணும்.

வயக்காட்டு வோல்ட், உங்க கன்ட்ரோலர்ல யூசர் மோடு இருக்கும், சீல்டு ஜெல் ஃப்ளடட்ல எதையும் எடுக்காதீங்க. இப்போதைக்கு இப்படி வைங்க:

பூஸ்ட் (ஏத்தி நிறுத்தற வோல்டேஜ்) 27.2. ஃப்ளோட்டும் அதே 27.2, பூஸ்ட் முடிஞ்சாலும் சாயங்காலம் வரைக்கும் மேலயே புடிச்சு நிக்கணும், அதுக்குத்தான். பூஸ்ட் டைம் எவ்வளவு அதிகமா விடுதோ அவ்வளவு. ஈக்வலைஸும் 27.2, டைம் ஜீரோ. ஈக்வலைஸ பூஸ்ட விட கம்மியா வெச்சா நெறைய கன்ட்ரோலர் சேவே பண்ணாது, திட்டிட்டு பழைய செட்டிங்குக்கே போயிரும், கேட்டா "நான் மாத்துனேன் மாறல"ம்பாங்க. மேனுவல்ல எல்லாம் 12 வோல்ட் கணக்குல இருக்கும், ரெண்டால பெருக்கிக்கோங்க.

27.2ல நின்னா 5ம் நம்பர் 3.6 கிட்ட இருக்கும், மத்தது 3.37 பக்கம். பிஎம்எஸ் கட் ஆகாது, கரண்ட் மெல்ல சுருங்கும், 5ம் நம்பர மட்டும் பிஎம்எஸ் கொஞ்சம் கொஞ்சமா கசிய விடும். மத்ததெல்லாம் மேல வர வர நீங்க 27.4, 27.6னு ஏத்திக்கலாம்.

யாழ் வெளிச்சம்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்திலதான் இங்க கனபேர் பற்றரிக்கு மாறினது, நானும் அப்பிடித்தான். என்ரது 48 வோல்ட், 16 செல். பூஸ்ட் 55.2, ஃப்ளோட் 53.6 வைச்சுப் பாவிக்கிறன், அதாவது செல்லுக்கு 3.45, 3.35. ஒரு கரைச்சலும் இல்லை.

ஒரு விசயம் சொல்ல வேணும், டெம்பரேச்சர் கொம்பன்சேசன் எண்டு ஒரு செட்டிங் இருக்கும், அதை மறக்காம சைபர் ஆக்குங்கோ. லெட் ஆசிட்டுக்கு எண்டு மைனஸ் 3 மில்லிவோல்ட் போட்டிருப்பாங்கள், அது ரெண்டு வோல்ட் செல் ஒண்டுக்கு ஒரு பாகைக்கு. 24 வோல்ட்டுக்கு 12 செல் எண்டு கணக்குப் பாத்தா பாகைக்கு 36 மில்லிவோல்ட். உங்கட தகரக் கொட்டிலுக்குள்ள 45 பாகை எண்டு வையுங்கோ, 25க்கு மேல 20 பாகை, 0.72 வோல்ட் குறைஞ்சு போகும். நீங்கள் 27.6 எண்டு வைச்சிட்டு இருப்பீங்கள், அது 26.9லயே நிப்பாட்டிப் போடும். செல்லுக்கு 3.36. பேலன்ஸ் தொடங்கவே தொடங்காது, நீங்கள் பிஎம்எஸ்ஸைப் பேசிக்கொண்டு இருப்பீங்கள்.

கொடை குளிர்

யாழ் நண்பர் சொன்னது இங்க கொடைக்கானல்ல தலைகீழா நடக்கும். காலைல 10 டிகிரினா அதே செட்டிங் அரை வோல்ட்டுக்கு மேல கூட்டி வெச்சிடும், 27.6 வெச்சது 28.1 ஆயிடும். பக்கத்து எஸ்டேட்ல இதே கதைதான், மார்கழில மட்டும் பிஎம்எஸ் கட் ஆகுதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, ஜீரோ பண்ணினதும் நின்னுச்சு.

வயக்காட்டு வோல்ட்

எல்லாருக்கும் நன்றி. யூசர் மோடுல போட்டுட்டேன், 27.2. கொம்பன்சேஷன் மைனஸ் 3லதான் இருந்துச்சு, ஜீரோ பண்ணிட்டேன். பகல்ல பிஎம்எஸ் கட் ஆகறது நின்னுடுச்சு, பல்பும் அடிக்கல. ஆனா 5ம் நம்பர் இன்னும் 3.6லயே நிக்குது, இறங்குற மாதிரியே தெரியல. எத்தன நாள் ஆகும்?

ஸ்பெக் ராசா

60 மில்லி ஆம்ப்ஸ்னா கணக்கு போட்டுக்க வேண்டியதுதான். 5 ஏஹெச் முந்தி இருக்குன்னா 5ஐ 0.06ஆல வகுங்க, 83 மணி நேரம். ஒரு நாளைக்கு மூணு மணி நேரம் மேல நிக்குதுன்னா ஒரு மாசம் ஆகும். 280 ஏஹெச் செல்லுக்கு 60 மில்லிங்கறது ஏரித்தண்ணிய டம்ளர்ல மொண்டு ஊத்தற வேல. ஆக்டிவ் பேலன்சர் 1 ஆம்ப் 2 ஆம்ப் வாங்கி மாட்டிடுங்க. (27.2 விஷயத்துல கோவைக்காரர் சொன்னத ஒத்துக்கறேன், கட் ஆகறது நின்னுடுச்சில்ல.)

மதுர ஆட்டோ எலக்ட்ரிக்

அண்ணே, ஆக்டிவ் பேலன்சர் பொறவு வாங்கிக்கலாம்ணே. இப்ப ஒரே ஒரு செல்லுதான ஓடுது? ஒரு 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்ப எடுங்க, கடைல சும்மாவே குடுப்பாய்ங்க, ரெண்டு வயரு சால்டர் பண்ணி 5ம் நம்பர் செல்லோட பிளஸ் மைனஸ்ல மட்டும் மாட்டி விட்டுருங்க. 3.3 வோல்ட்டுக்கு செவப்பா மினுக்குனு எரியும், ரெண்டு ஆம்ப்ஸ் சுத்தி இழுக்கும். ரெண்டு ரெண்டரை மணி நேரத்துல 5 ஏஹெச் எறங்கிரும், பிஎம்எஸ் ஒரு மாசம் பண்ற வேலைண்ணே. கிளாம்ப் மீட்டர் இருந்தா ஆம்ப்ஸ பாத்து நேரத்த கணக்கு பண்ணிக்கங்க. பேனல் பிரேக்கர ஆஃப் பண்ணிட்டு செய்ங்க, போட்டுட்டு மறந்து தூங்கிறாதீய, செல்லு தேவைக்கு மேல எறங்கிரும்.

இன்னொன்னு, ஸ்பேனருக்கு கைப்புடி வரைக்கும் இன்சுலேசன் டேப்ப சுத்திக்கங்க. இந்த செல்லு ரெண்டு முனையில ஸ்பேனர் விழுந்துச்சுனா ஆயிரக்கணக்குல ஆம்ப்ஸ் வரும், வெல்டிங்குதான். மோதிரம் கழட்டிருங்க.

பல்பு மாட்டப் போறப்பவே 5ம் நம்பர் பஸ்பார் (செல்லுக்கு செல்லு இணைக்கிற பட்டை) நட்டையும் பாத்துக்கங்க. எங்ககிட்ட வர்ற பாதி கேஸு லூஸ் கனெக்சன்தேன். எப்பிடி தெரியும்னா, சார்ஜ் ஏறும்போது அந்த செல்லு மட்டும் உசரமா காட்டும், அதே செல்லு லோடு போட்டா மத்தத விட பள்ளமா காட்டும். ரெண்டுலயும் அதே செல்லுதான் ஆடுதுனா அது பேலன்ஸ் இல்ல, நட்டு.

வயக்காட்டு வோல்ட்

மோட்டார் போட்டு பாத்தேன் அண்ணே, 5ம் நம்பர் மத்ததோட சேந்துதான் இறங்குது, பள்ளம் இல்ல. நட்டு டைட்டாதான் இருக்கு. பல்ப் ஐடியா சூப்பர், பண்ணிட்டு வரேன்.

கோயமுத்தூர் கனெக்சன்

மதுர அண்ணன் சொன்னது நல்ல வழிங்க. ஆக்டிவ் பேலன்சர் வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஸ்டார்ட் வோல்டேஜ 3.40க்கு கீழ வெக்காதீங்க. "நாள் பூரா பேலன்ஸ் பண்ணட்டுமே"னு 3.0 வெக்கறவங்க இருக்காங்க. நடு வோல்டேஜ்ல லோடு ஓடும்போது உள் ரெசிஸ்டன்ஸ் கூட இருக்கற செல்லு பாவம் கம்மியா காட்டும், பேலன்சர் அத காலின்னு நெனச்சு அதுக்கு ஊட்டும். நல்லா இருந்த பேக் ராத்திரியோட ராத்திரியா கோணலாகி, காலைல மேல போனதும் அந்த செல்லே முட்டும்.

வயக்காட்டு வோல்ட்

அப்டேட். பல்ப் போட்டு இறக்கினேன், மறுநாள் 27.2ல 5ம் நம்பர் 3.43, மத்தது 3.39-3.40! அப்புறம் 27.6 ஆக்கினேன், எல்லாம் 3.44-3.47க்குள்ள நிக்குது. சந்தோஷமா இருந்தேன்.

ஆனா நேத்து ராத்திரி எட்டு மணிக்கு, சூரியனே இல்லாத நேரத்துல, பிஎம்எஸ் கட் ஆயிருக்கு. 2ம் நம்பர் செல் 3.66. பேனல் பிரேக்கரே ஆஃப்ல இருந்துச்சு. பேய் புடிச்ச மாதிரி இருக்கு.

மதுர ஆட்டோ எலக்ட்ரிக்

கரண்ட் போயி வந்துச்சாண்ணே?

வயக்காட்டு வோல்ட்

ஆமா ஏழு மணிக்கு போயிட்டு வந்துச்சு.

மதுர ஆட்டோ எலக்ட்ரிக்

அப்ப பேயி இன்வெர்டருக்குள்ள இருக்கு. பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்க, டியூப்லர்ல கெடக்கும்.

வயக்காட்டு வோல்ட்

டியூப்லர்லதான் இருக்கு 😅

யாழ் வெளிச்சம்

இதைத்தான் சொல்ல வந்தனான். பற்றரிக்கு சார்ஜ் குடுக்கிறது ரெண்டு பேர், கன்ட்ரோலர் ஒண்டு, இன்வெர்ட்டர் ஒண்டு. ஒண்டைத் திருத்திப்போட்டு மற்றதை விட்டா சரிவராது. டியூப்லருக்கு அது 28.8ஐயும் தாண்டிக் கொண்டுபோகும். என்ரதில இன்வெர்ட்டரும் பிஎம்எஸ்ஸும் ஒரு கேபிளால கதைக்கும், பிஎம்எஸ் சொல்ற வோல்ட்டைத்தான் இன்வெர்ட்டர் கேக்கும். உங்கட பழைய இன்வெர்ட்டருக்கு அந்த வசதி இருக்காது. லித்தியம் மோட் இருந்தா அதைப் போட்டுட்டு எத்தினை வோல்ட்டில நிக்குது எண்டு மீட்டரால அளந்து பாருங்கோ. இல்லையெண்டா கிரிட் சார்ஜை நிப்பாட்டி சோலாரில மட்டும் ஓடவிடுங்கோ.

வயக்காட்டு வோல்ட்

லித்தியம் மோடு இல்ல. எஸ்எம்எஃப்னு (மூடின லெட் ஆசிட் பேட்டரிக்கு) ஒன்னு இருக்கு, அளந்தேன், 28.2ல நிக்குது. அதுவும் வேணாம்னு மெயின்ஸ் சார்ஜிங்க ஆஃப் பண்ணிட்டேன், சோலாரே போதும் எனக்கு.

இன்னொரு டவுட். கன்ட்ரோலர் டிஸ்ப்ளேல 27.6 காட்டும்போது பேட்டரி முனையில மீட்டர் வெச்சா 27.1தான் வருது. மீட்டர் பொய் சொல்லுதா?

ஸ்பெக் ராசா

வயர் என்ன சைஸ், எவ்வளவு தூரம்?

வயக்காட்டு வோல்ட்

6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). கன்ட்ரோலர் செவத்துல, பேட்டரி அந்தப் பக்கம், ஒரு பக்கம் 3 மீட்டர் இருக்கும்.

ஸ்பெக் ராசா

மீட்டர் உண்மைதான் சொல்லுது. போறது 3 வர்றது 3, ஆறு மீட்டர் 6 ஸ்கொயர் செம்புக்கு 0.0175 ஓம். 30 ஆம்ப்ஸ் போனா அரை வோல்ட் வயர்லயே போயிடும். கன்ட்ரோலர் தன் முனையில 27.6 வந்துடுச்சுனு நெனச்சு முன்கூட்டியே பூஸ்ட் டைமர ஆரம்பிச்சிடும், பேட்டரி அப்ப 27.1லதான் இருக்கும். பூஸ்ட் டைம் அரை மணி நேரம்னு வெச்சவங்களுக்கு அது சேந்து வர்றதுக்குள்ள ஃப்ளோட்டுக்கு போயிடும். கரண்ட் சுருங்க சுருங்க இந்த வித்தியாசம் தானா காணாம போகும், அதனால வோல்டேஜ கூட்டி சரி பண்ண பாக்காதீங்க, கூட்டினா மேகம் மூடி கரண்ட் கம்மி ஆகுற அன்னிக்கு அது முழுசா பேட்டரி மேல ஏறும். 16 ஸ்கொயர் போடுங்க, 0.2 வோல்ட்டுக்கு வந்துடும். கன்ட்ரோலர பேட்டரி பக்கத்துல தூக்கி மாட்டினா இன்னும் நல்லது. பூஸ்ட் டைம் ரெண்டு மணி நேரம் இருக்கட்டும்.

சேலம் சிக்கனம்

நான் 90 சதவீதத்துக்கு மேல ஏத்தறதே இல்ல, 26.8லயே நிறுத்திடுவேன். ஆயுசு கூடும்னு சொல்றாங்களே, நீங்க எல்லாரும் மேல மேலனு ஏத்தறீங்க?

கோயமுத்தூர் கனெக்சன்

சொல்றது உண்மைதாங்க, நெறஞ்ச செல்ல சூட்டுல போட்டு வெச்சா சீக்கிரம் வயசாகும், நம்மூரு சித்திரை வெயிலுக்கு அது பெரிய விஷயம். ஆனா 26.8னா செல்லுக்கு 3.35, பேலன்ஸ் ஆரம்பிக்கற எடத்துக்கே நீங்க போகலைங்க. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் மேல ஏத்திப் பாருங்க, செல்லுங்க நாலா பக்கமும் ஓடிருக்கும். பிஎம்எஸ்ல காட்டற சதவீதமும் ஃபுல் சார்ஜ பாத்தாதான் தன்னை திருத்திக்கும், இல்லாட்டி 60னு காட்டிட்டே திடீர்னு படுத்துக்கும். வாரம் ஒருக்கா 27.6 வரைக்கும் விட்டு ரெண்டு மணி நேரம் நிறுத்துங்க, மத்த நாள் உங்க இஷ்டம்.

வயக்காட்டு வோல்ட், செல்லுங்க ஒத்துமையாயிருச்சுங்கறதால உங்க ஃப்ளோட்டையும் இப்ப 26.8க்கு இறக்கிருங்க. பூஸ்ட் 27.6, ரெண்டு மணி நேரம், அப்புறம் 26.8ல கெடக்கட்டும், மத்தியானம் மோட்டார் ஓடுனா பேனலே பாத்துக்கும். பூஸ்ட் ரீகனெக்ட் (எதுக்கு கீழ இறங்குனா மறுபடி பூஸ்ட் ஆரம்பிக்கணும்ங்கறது) 26.4 இருக்கட்டும்.

வயக்காட்டு வோல்ட்

செட் பண்ணிட்டேன். இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணி, 27.6ல நின்னப்ப எடுத்தது: 3.449, 3.456, 3.447, 3.448, 3.453, 3.450, 3.447, 3.450. கரண்ட் 3 ஆம்ப்ஸ்க்கு சுருங்கிடுச்சு. 16 ஸ்கொயர் வயர் அறந்தாங்கிலயே கிடைச்சுது, நாளைக்கு மாத்தறேன். கட்டிக் குடுத்தவருக்கு இந்த ஸ்க்ரீன்ஷாட்ட அனுப்பினேன், "நான் தான் சொன்னேனே தானா பேலன்ஸ் ஆகும்னு"ங்கறார்.

மதுர ஆட்டோ எலக்ட்ரிக்

😂😂 வயரு மாத்தும்போது பேனல மொதல்ல ஆஃப் பண்ணிட்டு பேட்டரிய கழட்டுங்க, மாட்டும்போது பேட்டரி மொதல்ல, பேனல் கடைசி. மாத்தி செஞ்சா கன்ட்ரோலர் புட்டுக்கும்.

புதுசா வந்தவன்

அண்ணன்மாரே, நான் 12 வோல்ட் 4 செல்லு பேக், 500 ரூபா பிடபிள்யூஎம் (எம்பிபிடி இல்லாத சாதா வகை) கன்ட்ரோலர் வெச்சிருக்கேன். அதுல பி1, பி2, பி3னு மட்டும்தான் இருக்கு, வோல்டேஜ் மாத்தற இடமே இல்ல. எத போடறது?

ஸ்பெக் ராசா

பி1 பி2 பி3 ஒவ்வொன்னும் எந்த வோல்ட்னு கன்ட்ரோலருக்கு கன்ட்ரோலர் மாறும், பேர நம்பாதீங்க. ஒவ்வொன்னா போட்டு பேட்டரி நிறையற நேரத்துல மீட்டர் வெச்சு பாருங்க. 14.2க்கு மேல போகாதது எதுவோ அது. எல்லாமே 14.4க்கு மேல போகுதுன்னா அந்த 500 ரூபாய மறந்துட்டு யூசர் மோடு இருக்கற ஒன்ன வாங்குங்க, செல்லு விலைக்கு அது ஒன்னுமில்ல.